நாட்டு மருந்துக்கடைக்கு ரீல் தேவையா? – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் கடைக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். 'யுபிஐயில் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ் பெட்டி வந்த பிறகு கல்லாவில் இருப்பவனும் வாங்க வந்தவரும் முகம் பார்த்துக்கொள்வதில்லை' என்று எழுதியிருந்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒரு நாட்டு மருந்துக்கடை. தாத்தா ஆரம்பித்தது. நான் சென்னையில் ஐடி வேலையில் இருந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகமானதால் போன வருஷம் வேலையை விட்டுவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தேன். வியாபாரம் பரவாயில்லை, ஆனால் வளரவில்லை. டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிக்காரர்கள் சிலர் வந்து பேசினார்கள். மாதம் 12,000 ரூபாய். அதற்கு 12 ரீல், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களின் பராமரிப்பு, ஐந்து நட்சத்திர விமர்சனங்கள். எல்லாம் அவர்கள் பொறுப்பாம். ஆவாரம்பூவை வைத்து, 'சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு, 48 நாளில்' என்று மாதிரிக்கு ஒரு ரீலும் செய்து காட்டினார்கள். நன்றாகவே இருந்தது. அப்பா பார்த்துவிட்டு 'உன் இஷ்டம்' என்றார். அந்த 'உன் இஷ்டம்'தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் தொழில்நுட்பமே வேண்டாம் என்கிற கட்சியா? நாங்கள் இதில் இறங்கலாமா? இன்னொன்று, அப்பா சவுண்ட்பாக்ஸ் சத்தத்தை எப்போதும் குறைத்தே வைக்கிறார். நான் கூட்டினால் மறுபடி குறைக்கிறார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

எஸ்.,
திண்டுக்கல்

*

அன்புள்ள எஸ்.,

எனக்குக் கட்சி எதுவும் கிடையாது, நான் பாத்திரக்கடைக்காரன். கும்பகோணத்தில் பாத்திரம் விற்றுக்கொண்டு புதிதாக வருவதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தால், பழைய பித்தளையோடு சேர்த்து என்னையும் எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

யுபிஐயை நான் குறை சொல்லவே மாட்டேன். 2020 ஜனவரியிலிருந்து அதற்கு வியாபாரி கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. கார்டு மெஷினுக்கு அழுது பழகியவனுக்கு இதன் அருமை தெரியும். சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுத்து முறைப்பு வாங்குவதும் ஒழிந்தது. நான் எழுதிய குறை வேறு. மீதியை எண்ணித் தருகிற அந்த அரை நிமிஷத்தில்தான் எங்கள் கடையில் பேச்சே நடக்கும். 'பொண்ணுக்கு எங்கயாவது பாக்குறீங்களாம்மா' என்று அப்போது கேட்டால், தை மாதம் ஒரு சீர்வரிசை ஆர்டர் வரும். இப்போது பெட்டி கத்தியதும் அவர் போய்விடுகிறார். கேட்க நினைத்ததை நான்தான் அதற்கு முன்னால் கேட்டாக வேண்டும். கொஞ்சம் பழகிக்கொண்டேன்.

யுபிஐ பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐயில் வந்த தொகையைக் கணக்கெடுத்துப் பெங்களூருவில் சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பயந்துபோய்ப் பல கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். சரக்கு விற்பவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆனால் கணக்கில் விழுந்த பணம் எதற்காக வந்தது என்பது வங்கிக்கும் தெரியாது, துறைக்கும் தெரியாது. நாம்தான் காட்ட வேண்டும். உங்கள் கடையில் விபூதி, குங்குமத்துக்கு வரி இல்லை, சுக்குக்கு உண்டு. அதனால் கொள்முதல் பில்லை ஒழுங்காகக் கட்டி வையுங்கள். கடை க்யூஆரில் சித்தப்பாவின் கைமாற்றுப் பணத்தை வாங்காதீர்கள். ஐடியில் இருந்தவருக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, ஏஜென்சி. மாதம் 12,000. செலவெல்லாம் போக உங்களுக்கு நூற்றுக்கு 20 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தக் காசை எடுப்பதற்கு மட்டும் மாதம் 60,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். சராசரி பில் 150 ரூபாய் என்றால் 400 பில். ஞாயிறு விடுமுறை போக நாளொன்றுக்கு 15, 16 பேர் புதிதாகப் படியேற வேண்டும். அதற்கு மேல் வருகிறவர்தான் லாபம். ஏஜென்சிக்காரர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லி, 'ரீல் பார்த்து வந்தவர் யார், சும்மா வந்தவர் யார் என்று எப்படிப் பிரிப்பீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள். பார்வை எண்ணிக்கையைக் காட்டுவார்கள். ரீலை லட்சம் பேர் பார்க்கலாம். கால் கிலோ கடுக்காய்க்காகத் திருவள்ளூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு யாரும் பஸ் ஏற மாட்டார்கள்.

ஏஜென்சிக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். கல்லா பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. புது முகம் யார் வந்தாலும் 'யாரு சொல்லி வந்தீங்க' என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள். எங்கள் கடையில் பெரும்பாலும் வந்த பதில், 'அத்தை இங்கதான் வாங்குவாங்க'. அடுத்தது, 'மேப்புல பார்த்தேன்'. இந்த இரண்டாவது பதிலுக்காகத்தான் முதலில் மெனக்கெட வேண்டும். மேப்பில் உங்கள் கடையைத் தேடிப் பாருங்கள். போன் நம்பர் இப்போது வேலை செய்கிறதா? மதியம் கடை அடைப்பதுண்டு என்றால் அது அதில் இருக்கிறதா? யாரோ வழிப்போக்கர் எடுத்த, ஷட்டர் மூடிய படம்தான் முதலில் வந்து நிற்கிறதா? இதையெல்லாம் சரிசெய்யக் காசு எதுவும் ஆகாது, ஒரு சாயங்காலம் போதும்.

விமர்சனங்களை விலைக்கு வாங்கவே வேண்டாம். காசு கொடுத்து எழுதி வாங்கியதை வெளியிடக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரவிதியிலேயே சொல்லியிருக்கிறது. அதை விடுங்கள், நாட்டு மருந்துக்கடைக்கு ஒரே வாரத்தில் 'சூப்பர் ஆம்பியன்ஸ்' என்று 40 பேர் எழுதினால் ஊரே சிரிக்கும். (எனக்கு ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை வாசிப்பதுதான் பிடிக்கும். முக்கால்வாசி 'வண்டி நிறுத்த இடம் இல்லை' என்றுதான் இருக்கும். கோவில் ஊரில் வேறென்ன எழுத முடியும்?)

அவர்கள் மாதிரிக்குச் செய்து காட்டிய அந்த ரீல் விஷயத்துக்கு வருகிறேன். இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், அதை எங்கேயும் போடாதீர்கள். 1954-லேயே இதற்கென்று மத்திய அரசின் சட்டம் வந்துவிட்டது. சில நோய்களைக் குணமாக்கும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக்கூடாது. அந்த நோய்களின் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. இப்படி விளம்பரம் செய்த விவகாரத்தில்தான் 2024-ல் ஒரு பெரிய ஆயுர்வேதக் கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டு செய்தித்தாள்களில் மன்னிப்பு விளம்பரம் போட்டது. ஏஜென்சிக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ரீலில் இருப்பது உங்கள் கடைப் பெயர். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், அதைப் பார்த்து ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் அப்பாவின் 'உன் இஷ்டம்' இதற்காகத்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் விளம்பரமே வேண்டாமா? வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல விளம்பரம் தினசரி காலண்டர். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். எங்கள் கடைத்தெருவில் அப்போதே யாருக்கு எந்தச் சாமி படம் என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். மார்கழி வந்தால் ஜனங்கள் கடைக்கு வந்து விளம்பரத்தைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். ராகு காலம், எமகண்டம், சூலம், முகூர்த்த நாள் எல்லாம் அதில்தான் பார்க்க வேண்டும். பார்க்கும்போது மேலே கடைப் பெயர். வருஷம் முழுக்க அவர் வீட்டுச் சுவரில், அவரே அடித்த ஆணியில். அவருக்கு அதனால் உபயோகம் இருப்பதால்தான் அது அங்கே தொங்குகிறது.

ரீலையும் இப்படி யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பாவைக் கல்லாவில் உட்கார வைத்து, முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள். மிளகைப் போட்டால் மூழ்கும், அதில் கலந்த பப்பாளி விதை மிதக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டில் செய்து பார்க்கச் சொல்லும் சோதனை இது. போனில் எடுத்தால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. பிரசவ லேகியத்துக்கு என்னென்ன சாமான், கேட்கும்போது எந்தப் பெயர் குழப்பும், நன்னாரி வேரை முகர்ந்து எப்படிப் பார்ப்பது, இதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்திருக்கும். நோயைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், சரக்கைப் பற்றி மட்டும் பேசட்டும். மாதம் இரண்டு போட்டால் போதும். 12 போட வேண்டும் என்று கணக்கு வைத்தால் மூன்றாவது மாதம் சரக்கு தீர்ந்து பாட்டுக்கு வாயசைக்க ஆரம்பிப்பீர்கள்.

உங்கள் தொழிலுக்கு வாட்ஸ்அப்பை மிஞ்சியது இல்லை. வாடிக்கையாளர், வைத்தியர் கிறுக்கிய சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால், அப்பா படித்துச் சொல்ல, நீங்கள் கட்டி வைத்து விலையை அனுப்பலாம். அவர் நின்று காத்திருக்க வேண்டாம், உங்கள் அப்பா நிற்கவும் வேண்டாம். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் பெரிய ஆன்லைன் கடையில் கிடையாது. ஆனால் வந்த நம்பர்களுக்கெல்லாம் காலையில் பூப்படம் அனுப்பாதீர்கள். புதுச் சரக்கு வந்தால் ஸ்டேட்டஸில் போடுங்கள். வேண்டியவர் பார்ப்பார், வேண்டாதவர் தள்ளிவிடுவார்.

பில் போடும்போது போன் நம்பர் கேட்கும் பழக்கமும் வேண்டாம். நம்பர் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாதென்று 2023 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறையே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. உங்கள் கடையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. சவுண்ட்பாக்ஸ் விஷயமும் அதுதான் என்பது என் ஊகம். நாட்டு மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். மூலம், வெள்ளைப்படுதல், குழந்தை தங்காதது. பக்கத்தில் தெரிந்தவர் நின்றால் பேசாமல் விபூதி வாங்கிக்கொண்டு போய், அப்புறம் திரும்பி வருவார்கள். அப்படி வந்து வாங்கிக் காசும் போட்ட நிமிஷத்தில் பெட்டி சத்தமாக அறிவித்தால் கடையே திரும்பிப் பார்க்கும். தொகையைத்தான் சொல்கிறது, மருந்தைச் சொல்லவில்லை என்பீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு அது போதும். போலி ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பயந்து சத்தம் வைக்கிறோம், வாஸ்தவம். பெட்டியை உங்கள் காதுப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குக் கேட்டால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏஜென்சியோடு போவதாக இருந்தால், முதல் நாளே ஒன்றைக் கவனியுங்கள். கடைப் பெயரில் திறக்கிற பக்கங்கள் எல்லாம் உங்கள் மெயில், உங்கள் நம்பரில் இருக்கட்டும். அவர்களுக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். எங்கள் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் இதைக் கவனிக்காமல் விட்டார். ஏஜென்சியோடு சண்டை வந்ததும் பாஸ்வேர்டு அவர்களிடமே தங்கிவிட்டது. இப்போது அவர் கடைக்கு இரண்டு பக்கங்கள். பழையதில் நாலு வருஷத்துக்கு முந்தைய தீபாவளித் தள்ளுபடி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் காட்டி அந்த விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.