உயர்விலை ட்யூப் ஹெட்ஃபோன் ஆம்ப் அந்த விலைக்குத் தகுமா? வைத்திருப்பவர்கள் எப்படி மதிப்பிடுகிறீர்கள்?

நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ட்யூப் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் இயங்குவது) வாங்கினால் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். ஆனால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியைச் செய்வது, கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் எரிகிறதே, அது இல்லை. ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸும் (வெளியே போகும் மின்சாரத்துக்கு ஆம்ப் தானே காட்டும் தடை, ஓமில் அளப்பது) உங்கள் ஹெட்ஃபோனும் எப்படிச் சேர்கின்றன என்பதுதான். அதனால் என்ன ஹெட்ஃபோன் என்று சொல்லாமல் "இந்த ஆம்ப் நல்லதா" என்று கேட்டால் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

என்னிடம் இருப்பது ஓடிஎல் வகை, அதாவது வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, பவர் ட்யூபிலிருந்து ஒரு பெரிய கெப்பாசிட்டர் வழியாக நேரே ஹெட்ஃபோனுக்குப் போகும். காதுக்கு ஒன்றாக இரண்டு 6எஸ்என்7 (சிக்னலைப் பெருக்கும் சின்ன ட்யூப்), இரண்டு காதுக்கும் பொதுவாக ஒரு 6080 (பவர் ட்யூப்). இந்த 6080 ஆடியோவுக்கென்று வந்த ட்யூபே அல்ல, பவர் சப்ளையில் வோல்டேஜை நிலையாக வைத்திருக்கும் வேலைக்காக வந்தது. உள்ளே இரண்டு ட்ரையோடு (மூன்று மின்முனை கொண்ட பெருக்கும் அமைப்பு), ஒவ்வொன்றின் பிளேட் ரெசிஸ்டன்ஸ் (அதன் உள் தடை) சுமார் 280 ஓம், பெருக்கும் திறன் வெறும் 2. சிக்னலைப் பெருக்குவதற்கு லாயக்கில்லை, கரண்ட் கொடுப்பதற்கு நன்றாக இருக்கும். கேத்தோடு ஃபாலோயராக, அதாவது வோல்டேஜைப் பெருக்காமல் கரண்ட் மட்டும் கொடுக்கும் இணைப்பில், வைத்தால் அவுட்புட் இம்பீடன்ஸ் ஏறக்குறைய 280-ஐ 3-ஆல் (பெருக்கும் திறன் 2, அதோடு 1) வகுத்த அளவு, 93 ஓம் வாக்கில் வரும். என்னுடையதில் காதுக்கு ஒரு பாதி என்பதால் அளந்தாலும் கிட்டத்தட்ட 100 ஓம்தான் காட்டுகிறது. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இது 1 ஓமுக்குக் கீழே இருக்கும்.

இந்த 100 ஓம் என்ன செய்யும் என்று பார்க்க சென்ஹைசர் எச்டி 650-ஐ எடுத்துக்கொள்ளலாம். பெட்டியில் 300 ஓம் என்று போட்டிருந்தாலும் அது எல்லா அலைவரிசையிலும் 300 ஓமாக இருப்பதில்லை; டயஃப்ரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வு) தானாக அதிர விரும்பும் இடத்தில், 80லிருந்து 100 ஹெர்ட்ஸ் பக்கம், 500 ஓம் அளவுக்கு ஏறிவிடும். ஆம்ப்பின் 100 ஓமும் ஹெட்ஃபோனும் வோல்டேஜைப் பங்குபோட்டுக்கொள்கின்றன: 300 ஓம் இருக்கும் இடத்தில் ஹெட்ஃபோனுக்கு நான்கில் மூன்று பங்கு, 500 ஓம் இருக்கும் இடத்தில் ஆறில் ஐந்து பங்கு. டெசிபலில் சொன்னால் அந்த பேஸ் பகுதி சுமார் 0.9 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் கொஞ்சம் தடித்து, ஆண் குரலுக்குக் கொஞ்சம் மார்பு கூடி வரும். "ட்யூப் வார்ம்த்" என்று எல்லோரும் உருகுகிறார்களே, அதில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கு.

எச்டி 650-க்கு இது அழகாகப் பொருந்துகிறது. இதே ஆம்ப்பில் 32 ஓம் டைனமிக் (கம்பிச் சுருள் டயஃப்ரமை அசைக்கும் வழக்கமான வகை) ஹெட்ஃபோன் ஒன்றைச் செருகினால், பேஸ் பகுதியில் அது 64 ஓமுக்கு ஏறும் வகையாக இருந்தால், தூக்கல் 4 டெசிபலைத் தாண்டிவிடும். அது வார்ம்த் இல்லை, கொழகொழப்பு. பிளேனார் வகை (சவ்வின் பரப்பிலேயே மின்தடம் பதித்த) ஹெட்ஃபோனில் இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு என்பதால் இந்தக் குணமாற்றம் நடக்காது, ஆனால் அங்கே வேறு சிக்கல். ஹைஃபைமேன் சுஸ்வாரா 60 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல். இசையின் உச்சங்கள் 110 டெசிபலைத் தொட வேண்டுமென்றால் அரை வாட் வேண்டும், அதாவது 60 ஓமில் 90 மில்லியாம்பியருக்கு மேல். என்னுடையது மாதிரி ஓடிஎல் அதற்கு முன்பே மூச்சுவாங்க ஆரம்பித்துவிடும். அந்த மாதிரி ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்பைத்தான் பார்க்க வேண்டும். காதுக்குள் செருகும் இயர்ஃபோனை எந்த ட்யூப் ஆம்ப்பிலுமே செருகாதீர்கள், ட்யூபின் இரைச்சலும் ஹம்மும்தான் (மின்சார ரீங்காரம்) முதலில் கேட்கும்.

சரி, எப்படிச் சோதிப்பது. "சவுண்ட்ஸ்டேஜ் விரிந்தது, திரை விலகியது" என்றெல்லாம் எழுதுவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். இரண்டு ஆம்ப்பையும் ஒப்பிடும்போது ஒன்று அரை டெசிபல் சத்தமாக இருந்தாலும் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, "தெளிவு" என்றுதான் சொல்லும். ஒரு ஒய் அடாப்டரில் ஒரு பக்கம் ஹெட்ஃபோன், மறு பக்கம் மீட்டர். 400 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு இரண்டு ஆம்ப்பிலும் ஒரே வோல்டேஜ் வரும்படி வால்யூமை வையுங்கள், வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் வந்தால் 0.1 டெசிபலுக்குள் வந்துவிட்டது. ஏன் 400 என்றால், சாதாரண மல்டிமீட்டர்கள் பலவும் ஏசி வோல்டேஜை அதற்கு மேல் ஒழுங்காக அளப்பதில்லை. ஹெட்ஃபோன் செருகியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த 100 ஓம் விளையாட்டு கணக்கில் வராது. ட்யூப் சூடேறி அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அப்புறம் எந்த ஆம்ப் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறு யாராவது மாற்றிவிட வேண்டும், இதற்கு வீட்டில் பொறுமையான ஆள் தேவை.

அதைவிட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட செலவே இல்லாதது. டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில், இடது வலது இரண்டு லைனிலும், தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு ஒரு சின்ன அடாப்டர் செய்யுங்கள். வால்யூமை மறுபடி சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். என் காதுக்கு எச்டி 650-இல் இரண்டு ஆம்ப்புக்கும் இருந்த இடைவெளியில் பெரும்பகுதி அங்கேயே மறைந்துவிட்டது. இது புதுக் கண்டுபிடிப்பெல்லாம் இல்லை, 1985-இலேயே ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் ஸ்டீரியோஃபைல் என்ற ஆடியோ பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டு, தன் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பைத் திருத்தித் திருத்தி, அவர்கள் மதித்த விலையுயர்ந்த ஆம்ப் ஒன்றைப் போலவே ஒலிக்க வைத்துக் காட்டினார்.

மிச்சம் இருப்பது என்ன? கொஞ்சம் இரண்டாவது ஹார்மோனிக் டிஸ்டார்ஷன் (ஒவ்வொரு ஒலியோடும் அதன் இரட்டிப்பு அதிர்வெண் ஒலியும் கொஞ்சம் சேர்வது), சத்தம் கூடக் கூட அதுவும் கூடும். உரத்துப் பாடும் இடங்களில் பெண் குரலுக்கு ஒரு மினுமினுப்பு கூடுவது போல இருக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. துல்லியம் வேண்டும் என்பவருக்கு இது குறைதான், அவரிடம் நான் வாதாட மாட்டேன்.

அப்படியானால் விலை எங்கே போகிறது என்றால், நேர்மையாகச் செய்த ஆம்ப்பில் பவர் டிரான்ஸ்ஃபார்மர், சோக் (பவர் சப்ளையின் ஹம்மைக் குறைக்கும் சுருள்), தடித்த உலோகப் பெட்டி, வால்யூம் கன்ட்ரோல் ஆகியவற்றுக்குப் போகிறது, இதையெல்லாம் காதாலேயே பார்க்கலாம். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, பாட்டு எதுவும் ஓடாமல், வால்யூமை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவில் வையுங்கள்: ஹம் கேட்கக்கூடாது. பிறகு பாட்டைப் போட்டு வால்யூமை மிகவும் கீழே இறக்குங்கள். மலிவான பொட்டென்ஷியோமீட்டர் (சுழற்றும் வால்யூம் கன்ட்ரோல்) என்றால் நடுவில் நின்ற குரல் ஒரு காதுப் பக்கம் சாய்ந்துவிடும். ஸ்டெப்டு அட்டென்யுவேட்டரில் (நிலையான ரெசிஸ்டர்களைப் படிப்படியாக மாற்றும் வால்யூம் கன்ட்ரோல்) சாயாது. பென்சிலின் ரப்பர் முனையால் 6எஸ்என்7-இன் கண்ணாடியை லேசாகத் தட்டிப் பாருங்கள், நல்ல ட்யூப் "டொக்" என்று உடனே அடங்கும், மோசமானது மணி அடித்த மாதிரி "டிங்ங்" என்று காதுக்குள் நீளும். அப்படி நீண்டால் ட்யூபை மாற்றித் தரச் சொல்லலாம்.

வைத்திருப்பது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ரிவ்யூக்களில் இது வருவதில்லை. 6080-இன் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும், 6எஸ்என்7 ஒவ்வொன்றும் 0.6 ஆம்பியர், ஆக ஹீட்டர்களுக்கு மட்டுமே 23 வாட். எச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் வந்துவிடும், அதற்குத் தேவை 3 மில்லிவாட் சொச்சம். மூன்று மில்லிவாட்டுக்கு 23 வாட் எரிக்கிறேன், அதுவும் மற்ற சர்க்யூட்டைக் கணக்கில் சேர்க்காமல். மூடிய அலமாரிக்குள் வைக்கவே முடியாது, குழந்தைகளுக்கு எட்டும் இடத்திலும் கூடாது. ஆன் செய்யும்போது அவுட்புட் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் வரை ஹெட்ஃபோனைச் செருகாமல் இருப்பது என் வழக்கம், அணைப்பதற்கு முன்னால் கழற்றிவிடுவேன். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது, அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கும், அதனால் தெரியாதவர்கள் மூடியைத் திறக்கக் கூடாது.

ட்யூப் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கும் பைத்தியம் தனி. நான் பழைய 6எஸ்என்7 ஜோடி ஒன்றைச் "சமமானது, பயன்படுத்தாதது" என்று சொல்லி விற்ற ஒருவரிடம் வாங்கினேன், வலது காதில் சட்சட்டென்று பொரியும் சத்தம். இந்த மாதிரி நேரத்தில் இரண்டு ட்யூபையும் இடம் மாற்றிப் போட வேண்டும் (அணைத்து ஆறவிட்டுத்தான்). சத்தம் இடது காதுக்குப் போனால் குற்றவாளி ட்யூப், வலதிலேயே நின்றால் ஆம்ப். என் விஷயத்தில் இடதுக்குப் போய்விட்டது. பழைய ட்யூபில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள், பெயிண்டை யாரும் அடிக்கலாம், உள்ளே இருக்கும் பிளேட்டின் (உலோகத் தகடு) வடிவமும் கெட்டரின் (மிச்ச வாயுவை உறிஞ்சும் பகுதி) வடிவமும்தான் ஓரளவு உண்மை பேசும். ஆம்ப்போடு வந்த ட்யூபிலேயே சில மாதம் கேட்காமல் புதிதாக எதையும் வாங்க வேண்டாம் என்பேன், சின்ன ட்யூப்கள் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கும், அவசரமே இல்லை.

உங்கள் ஹெட்ஃபோன் 300 ஓம் அல்லது 600 ஓம் டைனமிக் வகை என்றால் ஓடிஎல் ஒன்றைத் தைரியமாகக் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதற்கு முன்னால் அந்த 100 ஓம் அடாப்டரைச் செய்துவிடுங்கள். அதிலேயே மனம் நிறைந்துவிட்டால் ஆம்ப் வாங்க வேண்டியதில்லை. 60 ஓமுக்குக் கீழே என்றால் விற்பவரிடம் அவுட்புட் இம்பீடன்ஸ் எத்தனை என்று கேளுங்கள். எண் வராமல் "இசைத்தன்மை" பற்றிய பேச்சு வந்தால், உங்கள் ஹெட்ஃபோனை நீங்களே கொண்டுபோய்க் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.