'தி இன்கிரெடிபிள்ஸ்': எனக்குப் பிடித்ததும் உறுத்துவதும்

கேள்வி: 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தின் நிறை குறைகள் என்ன? குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். ஆறேழு வயசுக்குக் கீழே இருக்கும் குழந்தை என்றால் மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

படம் 2004ல் வந்தது. பிக்சார் ஸ்டுடியோ தயாரித்த அனிமேஷன் படம், எழுதி இயக்கியவர் பிராட் பேர்ட். ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த சூப்பர் ஹீரோக்கள் மேல் காப்பாற்றப்பட்டவர்களே வழக்குப் போட ஆரம்பிக்க, கடைசியில் அரசாங்கம் அவர்களை அடையாளம் மறைத்து சாதாரண ஆட்களாகப் பிழைத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறது. ரயிலைக் கையால் நிறுத்திய பாப், பதினைந்து வருஷம் கழித்து ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் குட்டி மேஜைக்குப் பின்னால் உடம்பை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது.

படத்தின் பெரிய பலம் எது என்று கேட்டால் சண்டைக் காட்சி என்றுதான் சொல்வேன், ஆனால் ரோபோவோடு போடும் சண்டையை அல்ல, ராத்திரி நேரத்தில் புருஷனும் பொண்டாட்டியும் வீட்டுக் கூடத்தில் போடும் சண்டையை. பாப் நண்பரோடு சேர்ந்து யாருக்கும் தெரியாமல் ஆட்களைக் காப்பாற்றிவிட்டு நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறார், தோளில் கட்டடத் தூசி. ஹெலன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு எங்கெங்கோ போய், பையன் நாலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குப் போவதற்கு ஒரு விழா தேவையா என்பதில் வந்து நிற்கிறது. பாப் குரலை உயர்த்த உயர்த்த, ரப்பர் மாதிரி நீளும் சக்தி உள்ள ஹெலனின் உடம்பும் அவர் உயரத்துக்கு நீண்டுகொண்டே போகிறது. பிள்ளைகள் மறைந்து நின்று கேட்கிறார்கள். இதில் இரண்டு பேர் சொல்வதிலும் பொய் இல்லை, அதனால்தான் அந்தக் காட்சி அவ்வளவு வலிக்கிறது. இருக்கும் குடும்பத்தைக் கண் நிறையப் பார்க்காமல் பழைய பெருமையிலேயே உட்கார்ந்திருக்கும் அப்பாவை எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நூறு தறி ஓட்டியவர், இன்றைக்கு இன்னொருத்தர் கணக்கை எழுதிக்கொண்டிருப்பார்.

சக்திகளை யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்திருப்பதும் அழகு. அப்பாவுக்குப் பலம். நாலு பக்கமும் இழுபடும் அம்மாவுக்கு வளையும் உடம்பு. யார் கண்ணிலும் படக் கூடாது என்று நினைக்கும் வயசுப் பெண் வயலெட்டுக்கு மறையும் சக்தி, ஓர் இடத்தில் உட்காராத டேஷுக்கு ஓட்டம். கைக்குழந்தை ஜாக்ஜாக் என்னவாக வேண்டுமானாலும் ஆகலாம். இதை யாரும் விளக்கிச் சொல்வதே இல்லை, பார்க்கும்போதே புரிந்துவிடுகிறது.

அப்புறம் எட்னா. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி சாம்பிள் செக்‌ஷனில் இருக்கிறவன், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். ஹீரோக்களுக்கு உடை தைக்கும் இந்தக் குள்ளமான அம்மாவுக்குக் குரல் கொடுத்தது இயக்குநர் பிராட் பேர்டேதான். எட்னா ஹெலனுக்கு உடைகளைக் காட்டும் காட்சியில் துணி தெரிந்தவர் பேச்சு இருக்கிறது. ஹெலனின் உடை எவ்வளவு இழுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும், அதே சமயம் எகிப்துப் பருத்தி மாதிரி காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். குழந்தை உடைக்கு மென்மையான சருமம் உறுத்தாத துணி, குண்டு துளைக்காது, தீப்பிடிக்காது, மெஷினில் போட்டும் துவைக்கலாம். இழுத்துவிட்டால் திரும்புகிறதா, குழந்தைக்கு உறுத்துமா, துவைத்தால் தாங்குமா என்பவைதான் எங்கள் மேஜையிலும் தினமும் ஓடும் கேள்விகள். அதைவிட, பாப்பின் பழைய உடையில் இருக்கும் தையலைப் பார்த்துத்தான் ஹெலன் எட்னாவுக்கே போன் போடுகிறார். கிழிசல் தைத்த இடத்தை வைத்துக் கதையைத் திருப்பியவருக்கு எங்கள் தொழில்காரர்கள் எல்லோரும் நன்றி சொல்லலாம்.

தோளில் தொங்கும் அங்கியே வேண்டாம் என்று எட்னா அடித்துச் சொல்வதும் சரியான பேச்சு. அங்கி ஏவுகணையிலும் லிஃப்டிலும் விமான இன்ஜினிலும் மாட்டிச் செத்த ஹீரோக்களை வரிசையாகச் சொல்கிறார். பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுசே இல்லை, ஓடும் மெஷின் பக்கம் துண்டைத் தோளில் தொங்கவிட்டு நின்றால் திட்டு விழும். சிரிப்புக்கு வைத்தது போல வந்துபோகும் இந்தப் பேச்சு கடைசியில் வில்லனின் முடிவாகவே வந்து நிற்கிறது. திரைக்கதை எழுதப் பழகுகிறவர்கள் இதற்காகவே ஒரு தடவை பார்க்கலாம்.

சரி, குறைக்கு வருகிறேன். எனக்கு உறுத்துவதும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. வில்லன் சிண்ட்ரோம், சின்ன வயசில் பட்டி என்ற பெயரில் பாப்பின் ரசிகன். பிறவிச் சக்தி எதுவும் கிடையாது, பறக்கும் பூட்ஸைத் தானே செய்து மாட்டிக்கொண்டு 'என்னையும் சேர்த்துக்கோங்க' என்று வருகிறான். பாப் துரத்திவிடுகிறார். அவன் பின்னால் செய்யும் கொலைகளுக்கு நியாயமே இல்லை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படம் அவன் வாயில் வைக்கும் வசனத்தைக் கவனியுங்கள். என் கண்டுபிடிப்புகளை எல்லோருக்கும் விற்பேன், எல்லோரும் சூப்பர் ஆகிவிட்டால் யாருமே சூப்பர் இல்லை என்கிறான், அதைக் கேட்டு நாம் பயப்பட வேண்டுமாம். எனக்கு அதில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. பிறப்பிலேயே வந்ததுதான் உசத்தி, கையால் செய்து அடைந்தது போலி என்கிற எண்ணம் படத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரிய பள்ளிப் படிப்பு இல்லாமல் மோட்டாரும் ரேஸரும் செய்துகாட்டிய ஜி. டி. நாயுடுவின் கோயமுத்தூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. இத்தனைக்கும் படத்திலேயே பதில் இருக்கிறது: எட்னாவுக்கும் எந்தச் சக்தியும் இல்லை, கையும் மூளையும்தான். அவரையும் பட்டியையும் ஒரே காட்சியில் சந்திக்க வைத்திருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

என் அக்கா மகளோடு பார்த்தபோது அவளும் அங்கேதான் நின்றாள். "மாமா, அந்தப் பையனையும் கூடச் சேர்த்துக்கிட்டிருந்தா இதெல்லாம் வந்திருக்காதுங்கள்ல?" என்றாள். பாப் நடுவில் அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பதோடு சரி, படம் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை.

மற்ற குறைகள் சின்னவை. பாப்பின் நண்பர் ஃப்ரோஸோன் மாதிரி ஒரு நல்ல பாத்திரத்துக்கு வேலை குறைவு, அவர் மனைவி வெறும் குரலாக மட்டும் வருகிறார். ஊருக்குள் நடக்கும் கடைசி ரோபோ சண்டை, வில்லனின் தீவில் டேஷ் தண்ணீர் மேல் ஓடும் துரத்தலுக்குப் பக்கத்தில் வர முடியாது. மைக்கேல் ஜியாச்சினோவின் பித்தளை வாத்திய இசை அங்கேயும் கைகொடுக்கிறது என்பது வேறு விஷயம்.

குழந்தைகள் விஷயம். விமானத்தைக் குறிவைத்து ஏவுகணை வரும் காட்சியில் ஹெலன் உள்ளே பிள்ளைகள் இருப்பதாகக் கத்தியும் தாக்குதல் நிற்காது. அதற்குப் பிறகு குகையில் பிள்ளைகளிடம், டிவியில் வரும் கெட்டவர்கள் மாதிரி இல்லை இவர்கள், நீங்கள் குழந்தைகள் என்று பார்க்காமல் கொன்றுவிடுவார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். ஒரு தாய் அப்படிப் பேசும் அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் சின்னக் குழந்தைக்கு ராத்திரித் தூக்கம் போகலாம். வன்முறை முந்தைய பிக்சார் படங்களைவிட அதிகம், அமெரிக்காவில் பெற்றோர் கவனிக்கவும் என்ற சான்றிதழ் வாங்கிய முதல் பிக்சார் படமும் இதுதான்.

இரண்டாம் பாகம் 2018ல் வந்தது, உலகம் முழுக்க 120 கோடி டாலருக்கு மேல் வசூல். முதல் படம் முடிந்த நொடியிலிருந்தே கதை தொடங்குகிறது. இந்த முறை ஹெலன் வேலைக்குப் போக, பாப் வீட்டில் பிள்ளைகளின் கணக்குப் பாடத்தோடும் ஜாக்ஜாக்கோடும் மல்லுக்கட்டுகிறார். பெண்கள் ஷிஃப்டுக்குப் போகும் ஊர் எங்களுடையது, அந்தப் பகுதியைப் பார்த்து வீடே சிரித்தது. வில்லன் யார் என்பதுதான் பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. இன்னொன்று, அதில் வேகமாக மின்னி மின்னி அணையும் வெளிச்சக் காட்சிகள் இருக்கின்றன, வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்று வெளியானபோதே எச்சரிக்கை கொடுத்தார்கள். வீட்டில் யாருக்காவது அந்தத் தொந்தரவு இருந்தால் இரண்டாம் பாகத்தை விட்டுவிட்டு முதல் பாகத்தை மட்டும் போடுங்கள்.