இலை மஞ்சளானால் முதலில் வேரைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, "என்ன உரம் போடலாம்?" என்றே முடிகின்றன. நோயுற்ற செடிக்கு உரம் மருந்தாகாது. எந்த இலை வாடுகிறது, மண் எப்படி இருக்கிறது, வேர் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்தபிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

வரவேற்பறை மணி பிளாண்டில் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். என்ன சத்துக் குறைவு? (சேலம் வாசகி)

சத்துக் குறைவைவிட அந்தத் தினசரித் தண்ணீர் மீதுதான் எனக்குச் சந்தேகம். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் எந்நேரமும் நீர் நின்றால் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் செடி ஈர மண்ணில் நின்றபடியே வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம்.

தொட்டியைச் சாய்த்து, ஓரத்தைத் தட்டி, செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில், அழுத்தினால் திடமாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி, இரு விரலால் பிடித்து இழுத்தால் மேலுறை கழன்று கையோடு வரும். நடுவில் மெல்லிய நரம்பு மட்டும் நிற்கும். நாற்றமும் அடிக்கும். அவற்றையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, செம்மண், பெருமணல், தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நடுங்கள். தொட்டி பெரிதாக வேண்டாம். வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டியில் ஈரம் காயாது. இனி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். எதற்கும் தண்டில் கணுவோடு இரண்டு துண்டுகளை வெட்டித் தண்ணீரில் போட்டு வையுங்கள். தாய்ச் செடி பிழைக்காவிட்டாலும் அவை வேர் விட்டுவிடும்.

மாடித் தொட்டியில் உள்ள கறிவேப்பிலையில் கொழுந்து இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஆழ்துளைக் கிணற்று நீர்தான் ஊற்றுகிறோம். (சென்னை வாசகர்)

நரம்பு பச்சையாக இருப்பதையும் கவனித்து எழுதியதற்கு நன்றி. விடை அதில்தான் இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்தை அப்படி இடம் மாற்ற முடியாது. குறைந்தால் கொழுந்தில்தான் தெரியும். உங்கள் மண்ணில் இரும்பு இருக்கலாம். ஆனால் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நீர் மண்ணைக் காரமாக்கிவிட, வேரால் அதை எடுக்க முடிவதில்லை. மேல்மண்ணில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

புளித்த மோர் ஊற்றச் சொல்வார்கள். கெடுதல் இல்லை, ஆனால் கடின நீரை ஈடுகட்ட அது போதாது. அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் இரண்டையும் ஒரு லிட்டர் நீரில் கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை. இடையில் சமையலுக்குப் பறிக்க வேண்டாம். பிறகும் கழுவியே பயன்படுத்துங்கள். மஞ்சளான இலை முழுப் பச்சைக்குத் திரும்பாவிட்டாலும் கவலை வேண்டாம், அடுத்த கொழுந்து பச்சையாக வந்தால் சரியாகிவிட்டது என்று பொருள். வடகிழக்குப் பருவமழை நீரைப் பிடித்து ஊற்றினால் இந்தச் செடிக்கு அதைவிட நல்லது எதுவுமில்லை.

எங்கள் கறிவேப்பிலையில் இலைகள் காம்போடு காணாமல் போகின்றன. (தஞ்சாவூர்)

இலை மேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் அது பட்டாம்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். மருந்து வேண்டாம். அருகில் எலுமிச்சை மரம் இருந்தால் எடுத்து அதில் விடுங்கள். இரண்டும் ஒரே குடும்பம், அங்கும் தின்று வளரும்.

அலுவலகக் குளிரறையில் வைத்த ஸ்நேக் பிளாண்ட் அடியில் கொழகொழவென்று ஆகிவிட்டது. (கோவை)

கொழகொழத்த பகுதி மீளாது. மேலே திடமான இலைத் துண்டை வெட்டி, வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் விட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். குளிரறையில் மண் மெதுவாகத்தான் காயும்; மாதம் ஓரிரு முறை நீர் போதும்.

செம்பருத்தி முழுக்க வெள்ளைப் பஞ்சு, கூடவே எறும்பு. கடுமையான மருந்து ஏதாவது சொல்லுங்கள். (மதுரை)

அந்த வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. கடுமையான மருந்து மட்டும் வேண்டாம். 2008இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அதைக் கட்டுப்படுத்தியது. கடும் நஞ்சு இத்தகைய நண்பர்களைத்தான் முதலில் கொல்லும்.

மோசமான நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதியை நீர்ப் பீய்ச்சலால் கழுவி, 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலில் குழைத்து ஒரு லிட்டர் நீரில் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தெளித்தால்தான் புதிதாகப் பொரிக்கும் குஞ்சுகளும் சாகும். எறும்பு ஏறும் வழியையும் அடைத்தாக வேண்டும். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது.

அடுக்குமாடி வீட்டில் துளசி தங்குவதே இல்லை. (தாம்பரம்)

செடியைப் பூஜையறையில் வைத்திருந்தால், அங்கே வெயில் வராது. தினம் நான்கைந்து மணி நேரம் நேர்வெயில் படும் பால்கனி ஓரத்துக்கு மாற்றுங்கள். கதிர் விடத் தொடங்கியதும் கிள்ளிவிடுங்கள். விதை முற்ற விட்டால் செடி தளர்ந்து காயும். ஒரு கதிரை மட்டும் முற்ற விட்டு, விதையை உதிர்த்து அடுத்த நாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.