ஓடி வந்த குதிரை ஏன் தண்ணீரைத் தொடவில்லை?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் நெல்லும் கடலையும் பயிரிடுகிறேன். குதிரைவண்டி எல்கைப் பந்தயத்துக்காக ஆறு வயதுக் கத்தியவார் ஆண் குதிரை ஒன்று வளர்க்கிறேன். சித்திரையில் நடந்த பந்தயத்தில் போய்வர எட்டு மைல் ஓடியது. ஓடி முடித்ததும் வெள்ளை நுரையாக வியர்த்துக் கொட்டியது. ஆனால் இரண்டு மணி நேரம் தண்ணீரைத் தொடவே இல்லை. விலா, விக்கல் எடுப்பதுபோலத் துடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் பின்னங்கால்களை எடுத்து வைக்கவே சிரமப்பட்டது. களைப்புத் தெரியாமல் ஓடும் என்று சொன்னார்களே என்று ஓட்டத்துக்கு முன் ஆப்ப சோடா கரைத்துக் கொடுத்திருந்தேன். ஓடி வந்தபின் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை இளநீரில் கலந்து பாட்டிலில் புகட்டினேன். தினமும் கோதுமைத் தவிடு 3 கிலோ, வேகவைத்த கொள்ளு 1 கிலோ, கம்பு நேப்பியர் புல், வைக்கோல் கொடுக்கிறேன். எந்த எலக்ட்ரோலைட் பொடி வாங்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: பொடிக்கு வருமுன் அந்த விலாத் துடிப்பைப் பேசிவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த வரி அதுதான். அது விக்கல் அல்ல. மறுபடி நேர்ந்தால், இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து இதயத் துடிப்பைப் பிடியுங்கள். பார்வை விலாவின் மேல் இருக்கட்டும். இரண்டும் ஒரே தாளத்தில் விழும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு இதயத்தை ஒட்டியே இறங்குகிறது. ரத்தத்தில் கால்சியமும் மற்ற உப்புகளும் குறையும்போது அந்த நரம்பு தொட்டாற்சுருங்கியைப்போல ஆகிவிடும். இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் எழுகிற மின்துடிப்பே அதைச் சீண்டப் போதுமானது. உதரவிதானம் உதறும், விலா துள்ளும். குதிரையின் உப்புக் கணக்கு குலைந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

அதற்கு வழி செய்து கொடுத்ததில் ஆப்ப சோடாவுக்குப் பெரிய பங்கு உண்டு. குதிரையின் வியர்வையில் சோடியத்தைவிடக் குளோரைடு அதிகமாக வெளியேறுகிறது. குளோரைடு குறையக் குறைய ரத்தம் காரத்தன்மையின் பக்கம் சாயும். அப்படிச் சாயும்போது, கால்சியத்தில் நரம்புக்கும் தசைக்கும் உதவுகிற பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டு குறைந்துபோகும். வெயிலில் நீண்ட தூரம் வியர்த்து ஓடும் குதிரைக்குத் தானாகவே இது நடக்கும். சோடாவும் காரம்தான். ஏற்கெனவே சாய்ந்துகொண்டிருக்கும் தட்டில் நீங்கள் மேலும் எடை வைத்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. பந்தயக் களத்தில் இந்த யோசனையைச் சொல்லாத ஆள் இல்லை. ஆனாலும் சோடாவை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பல நாடுகளின் குதிரைப் பந்தயங்களில் ஓட்டத்துக்கு முன் சோடா புகட்டுவது தடை செய்யப்பட்ட குற்றம் என்பதையும் யோசனை சொல்பவர்களிடம் சொல்லுங்கள்.

இனி, அது ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்பது. நாம் வியர்க்கும்போது உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகிறது. நம் வியர்வை ரத்தத்தைவிட நீர்த்தது. ஆகவே ரத்தம் கெட்டியாகிறது, மூளை அதை உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது. குதிரையின் வியர்வையோ ஏறக்குறைய ரத்தத்தின் அளவுக்கே உப்புக் கரித்தது, சில நேரம் அதைவிடவும் கூடுதல். ஒரு லிட்டர் வியர்வையோடு சுமார் 3 கிராம் சோடியம், 5 கிராமுக்கு மேல் குளோரைடு, ஒன்றரை கிராம் அளவுக்குப் பொட்டாசியம் வெளியேறும். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் ரத்தம் கெட்டியாவதில்லை. உடல் வற்றிக் கிடக்கும், தாகம் மட்டும் எழாது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

ஒரு பந்தயத் திடலில் கண்ணால் பார்த்தேன். வண்டி அவிழ்த்த குதிரை ஒன்று, வார் அழுந்திய இடமெல்லாம் சோப்பு நுரைபோல வெண்மையாக நின்றது. (அந்த நுரைக்குக் காரணம் அதன் வியர்வையில் உள்ள லேதரின் என்ற புரதம், அடர்ந்த முடியினூடே வியர்வை பரவி ஆவியாக உதவுவது அதுதான்.) மூக்கருகே வாளியை நீட்டினார்கள். உதட்டை நனைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. “தாகம் இல்லை, விடுங்கள்” என்றார் சாரதி. தோள் பக்கத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டேன். மடிப்பு உடனே தாழவில்லை, மூன்று எண்ணும்வரை கூடாரம்போல நின்றது. இன்னொரு வாளியில் தண்ணீர் பிடித்து, உப்பைக் கரைத்து வைத்தோம். முதலில் முகர்ந்தது, பிறகு நாக்கை விட்டது, பிறகு காதுகள் ஆட ஆட உறிஞ்சத் தொடங்கியது. அது முடிந்ததும் வெறும் தண்ணீரையும் கேட்டு வாங்கிக் குடித்தது. உப்பு உள்ளே போனதும் தாகம் திரும்பி வந்துவிட்டது.

நீங்கள் கொடுத்த ஓ.ஆர்.எஸ். கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலம் 20.5 கிராம், அதில் 13.5 கிராம் குளுக்கோஸ். சோடியம் மொத்தம் 1.7 கிராம்தான். உங்கள் குதிரை அன்று 6 லிட்டர் வியர்த்தது என்று வைத்துக்கொண்டால் 18 கிராம் சோடியத்தை இழந்திருக்கிறது. அதை ஈடுகட்டப் பத்துப் பொட்டலத்துக்கு மேல் வேண்டும்! வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்காக அளந்து செய்த மருந்து அது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. குதிரைக்குப் பற்றாக்குறையானது எதுவோ அது அதில் இல்லை. ஓடி வந்ததும் ‘குளுக்கோஸ் ஏற்றும்’ பழக்கமும் அப்படித்தான். அரை லிட்டர் சலைன் பாட்டில் ஒன்றில் இருப்பது நாலரைக் கிராம் உப்பு, ஒரு சிறு கரண்டிகூட நிறையாது. அதற்காக மருத்துவர் அல்லாதவர் கையில் குதிரையின் கழுத்து ரத்தக்குழாயை ஒப்படைக்காதீர்கள். கால்சியம் ஊசியை வேகமாகச் செலுத்தினால் இதயம் அங்கேயே நின்றுவிடலாம்.

பாட்டிலில் புகட்டுவதையும் கைவிடுங்கள். களைத்து மூச்சு வாங்கும் குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது நீர் நுரையீரலுக்குள் இறங்கலாம். அதனால் வரும் நிமோனியா உயிரைப் பறிக்கும்.

நீங்கள் கேட்ட பொடிக்கு என் பதில்: உங்கள் அடுக்களையில் இருக்கும் உப்புதான் முதல் பொடி. குளோரைடும் சோடியமும்தான் அதிகம் போகின்றன. சோடியம் குளோரைடு என்பது சாதாரண உப்பேதான். பொட்டாசியம் புல்லிலும் வைக்கோலிலும் தேவைக்கு மேல் இருக்கிறது. நார்த்தீவனத்தை நன்றாகத் தின்னும் குதிரைக்கு அதைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. பொட்டாசியம் குளோரைடுதான் பொட்டாஷ் உரமும் என்று யாராவது சொல்லி உரக்கடைச் சரக்கைக் கலந்துவிடாதீர்கள்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் ஒருமுறை நாடாவால் அளந்துவிடுங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 155 செ.மீ., நீளம் 150 செ.மீ. என்றால் 303 கிலோ.

300 கிலோ குதிரைக்கு ஓய்வு நாளில் 20 கிராம் உப்பு போதும். பயிற்சியில் வியர்க்கும் நாளில் 40 கிராம். கத்திரி வெயிலில் நன்றாக வேலை வாங்கும் நாளில் 60 கிராம் வரை போகலாம், காலை மாலை இரண்டு வேளையாகப் பிரித்து, ஈரமான கொள்ளிலும் தவிட்டிலும் பிசைந்து. ஒரே நாளில் ஏற்றாமல் 10 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டுங்கள். தீவனத்தை ஒதுக்கினால் அளவைக் குறையுங்கள். பக்கத்தில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் உப்புக் கொடுப்பது ஆபத்து. நக்கும் உப்புக்கட்டியைத் தொங்கவிட்டிருக்கிறேன் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். மாட்டின் நாக்கு சொரசொரப்பானது, குதிரையின் நாக்கு வழவழப்பானது. வியர்த்து உழைக்கும் குதிரைக்கு நக்கியே தேவை தீராது.

பந்தயத்துக்கு முந்தின நாள் அள்ளிக் கொடுத்துச் சேமித்துவைக்கவும் முடியாது. மிகுந்த உப்பைச் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். சேமிப்பு வேண்டுமென்றால் அது நார்த்தீவனம்தான். பெருங்குடலில் ஊறிக் கிடக்கும் புல்லும் வைக்கோலும் தண்ணீரையும் உப்பையும் பிடித்துவைத்து, ஓட்டத்தின்போது மெல்ல விட்டுக்கொடுக்கும். “வயிறு கனக்கும்” என்று முந்தின இரவே புல்லை நிறுத்துகிறவர்கள் குதிரையின் தண்ணீர்க் குடத்தையே கவிழ்த்துவிடுகிறார்கள். தானியத்தை நிறுத்துங்கள், புல்லை நிறுத்தாதீர்கள்.

வண்டி அவிழ்த்ததும் இரண்டு வாளி தயாராக இருக்கட்டும். ஒன்றில் 10 லிட்டர் தண்ணீருக்கு 90 கிராம் உப்பு; இன்னொன்றில் வெறும் தண்ணீர். உப்பு வாளியை முதலில் காட்டுங்கள். அதில் 4, 5 லிட்டர் குடித்தாலே இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். பிறகு வெறும் தண்ணீர், வேண்டிய மட்டும். களத்தில் முதன்முதலாகக் கரிப்பைக் காட்டினால் மறுக்கும். பதினைந்து நாள் முன்பிருந்தே பயிற்சி முடிந்ததும் வீட்டில் பழக்குங்கள். முதலில் லிட்டருக்கு 3 கிராம், பிறகு 6, பிறகு 9. பசை வடிவில் குழாயில் வரும் மருந்தை வாயில் பிதுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் விடுவது நேர்மாறான வேலை செய்யும்: குடலில் இறங்கிய கெட்டி உப்பு உடம்பிலிருந்தே தண்ணீரை இழுக்கும், இரைப்பைப் புண்ணையும் கிளறும்.

வியர்வை அடங்கும்வரை தண்ணீர் காட்டக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். இந்த ஒன்றில் அவர்களைக் கேட்காதீர்கள். ஓடி முடித்த முதல் சில நிமிடங்களில்தான் குடிக்கும் நாட்டம் இருக்கும். அதைத் தவறவிட்டால் உங்களுக்கு நேர்ந்ததுபோல மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உடம்பின் மேலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், நிழலில் நிறுத்தி. ஈரத்துணியைப் போர்த்தினால் வெப்பம் உள்ளேயே தங்கும்.

இனி உங்கள் தீவனம். மூன்று கிலோ தவிடு கூடாது. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் ஒரு சதவீதத்துக்கு மேல். கால்சியம் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பாஸ்பரஸ் மிகுந்தால் கால்சியம் உடம்பில் சேராது. அதோடு கம்பு நேப்பியரில் ஆக்ஸலேட் இருக்கிறது. அது குடலிலேயே கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாடு இதைத் தாங்கும், குதிரை தாங்காது. மாதக்கணக்கில் இப்படியே போனால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு, முகத்து எலும்பு பருத்துத் தலை வீங்கும் நோய் வரும். தவிட்டை அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். நேப்பியரைக் குறைத்து, அறுகு கொடுங்கள். கடலை உங்கள் வயலிலேயே விளைகிறது. பூஞ்சணம் பிடிக்காத, நன்றாகக் காய்ந்த கடலைக்கொடி நல்ல தீவனம். கிணற்று நீர் பாயும் இடத்தில் ஐந்து சென்ட் குதிரை மசால் போடுங்கள். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் இந்தப் பயிரில் கால்சியம் தாராளம். பசுந்தீவனத்தில் நாலில் ஒரு பங்கு போதும். அதையே முழுத்தீவனமாக்கினால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் பழக்கம் உடம்புக்கு மந்தமாகி, ஓட்டத்தன்று அதே விலாத் துடிப்பு வரக்கூடும். மசால் என்று சொல்லிச் சூபாபுல் (சவுண்டல்) தழையைக் கொடுத்துவிடாதீர்கள். பிடரி முடியும் வால் முடியும் கொட்டும்.

கடையில்தான் வாங்குவேன் என்றால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். முதலில் எழுதியிருப்பது சோடியம் குளோரைடாக இருக்க வேண்டும். சர்க்கரை முதலில் நின்றாலோ பைகார்பனேட் (ஆப்ப சோடாவேதான்) இருந்தாலோ வேண்டாம். கன்றுக்குட்டிக் கழிச்சலுக்கு விற்கும் பொடிகளில் பைகார்பனேட் இருக்கும். கோழித்தீவனம் எதையும் குதிரையின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்; அதில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து சிறிதளவே குதிரையைக் கொன்றுவிடும்.

மறுநாள் பின்னங்கால் எடுக்கச் சிரமப்பட்டதை நான் சாதாரணக் களைப்பாக நினைக்கவில்லை. ஓட்டத்தால் தசை சிதைந்திருக்கலாம். அன்று சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதா என்று யோசித்துப் பாருங்கள். போயிருந்தால், சிதைந்த தசையின் நிறமி சிறுநீரகம் வழியாக இறங்கியிருக்கிறது என்று பொருள், சிறுநீரகமே பழுதாகலாம். அப்படி இறுகி நிற்கும் குதிரையை ‘நடந்தால் சரியாகும்’ என்று நடத்தவே கூடாது. ஓடி முடித்து அரை மணி நேரம் கழித்தும் நாடி நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இறங்காவிட்டால், உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே நின்றால், விலாத் துடிப்பு வந்தால், ஈறு காய்ந்து இருண்டால், காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸின் 1962 எண்ணுக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கோ பேசுங்கள். குடிக்க மறுக்கும் குதிரைக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பைக்கே உப்புத் தண்ணீரை அவர்களால் சேர்க்க முடியும்.

உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் குதிரையை அங்கே கொண்டுபோய், ரத்தத்தில் கால்சியத்தையும் சி.கே. எனப்படும் தசை நொதியின் அளவையும் பார்த்துவிடுங்கள். நொதி இயல்புக்குத் திரும்பும்வரை வண்டி பூட்ட வேண்டாம்; அதுவரை தானியத்தைக் குறைத்து, புல்லும் உப்பும் தண்ணீரும் கொடுத்து, காலாற மேய விடுங்கள்.