உப்பு போன பிறகும் வயல் ஏன் தேறவில்லை?

கேள்வி: தலைஞாயிறு பக்கம், கடைமடையில் எங்களுக்கு இரண்டு வயல்கள். இரண்டிலும் கடல்நீர் ஏறியது. மணற்பாங்கான வயல் ஒரே மழைக்காலத்தில் தேறிவிட்டது. களிமண் வயலிலும் வெள்ளைப் பூப்பு மறைந்துவிட்டது. ஆனால் தண்ணீர் இறங்குவதில்லை, காய்ந்தால் கல்லாக இறுகுகிறது. இது ஏன்? (ஒரு விவசாயி, நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: மழை உங்கள் வயலில் கரைந்து நின்ற உப்பைத்தான் கழுவியிருக்கிறது, களியைப் பற்றிக்கொண்ட சோடியம் அங்கேயே இருக்கிறது. களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் நுண்ணியது. எதிர்மின் சுமை உடையதாகையால், நேர்மின் சுமையுள்ள சோடியம், கால்சியம் போன்றவற்றைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். மணலில் அப்படி ஒட்டுவதற்கு இடம் மிகக் குறைவு என்பதால் அந்த வயல் எளிதில் தப்பியது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் களியில் மிகுந்திருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்னும் கனிமமோ, 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லி ஈக்குவலன்ட் (ஒட்டும் பொருளின் மின்சுமையைக் கணக்கிடும் அலகு) வரை பிடித்துவைக்க வல்லது.

கரைசலில் உப்பு மிகுந்திருந்தவரை களித்துகள்கள் திரண்டே கிடந்தன. நல்ல மழைநீர் அந்த உப்பை நீக்கியதும், சோடியம் ஒட்டிய துகள்கள் வீங்கிப் பிரிந்து, நீர் இறங்கும் நுண்துளைகளை அடைத்துவிட்டன. கரையும் உப்பு மிகுந்த உவர் நிலம், களியில் சோடியம் ஒட்டிய களர் நிலமானது இப்படித்தான். காய்ந்த சிறு கட்டி ஒன்றைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்த மழைநீரில் மெல்ல இட்டு, அசைக்காமல் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல் கலங்கல் படர்ந்தால், களி பிரிகிறது என்று பொருள்.

இனி வெறும் தண்ணீரைக் கட்டி வடிப்பதால் பயனில்லை. சோடியத்தை அதன் இடத்திலிருந்து பெயர்க்கக் கால்சியம் வேண்டும். அதற்குக் கால்சியம் உள்ள ஜிப்சமே மலிவான வழி. களி அதிகமானால் ஜிப்சமும் அதிகம் தேவைப்படும் என்பதால், பக்கத்து வயலுக்குப் போட்ட கணக்கைப் பார்த்துப் போடாமல், மண் பரிசோதனை நிலையத்தில் 'ஜிப்சம் தேவை' என்று கேட்டு அளவை அறிந்துகொள்ளுங்கள். வயலைச் சமன்செய்து வரப்பை உயர்த்தி, ஜிப்சத்தை மேல்மண்ணில் கலந்து, 10 செ.மீ. உயரத்துக்கு நல்ல நீரைத் தேக்கி, மூன்று நான்கு நாள் கழித்து வடியுங்கள். ஒரு லிட்டர் நீரில் இரண்டரை கிராம் அளவே ஜிப்சம் கரையும். ஆகவே ஒருமுறையோடு நிறுத்திவிடாதீர்கள். பிறகு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், வேர் சென்ற வழியில் நீர் இறங்கும். அது மட்கும்போது உண்டாகும் கரியமிலவாயு, மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அதையும் கரைத்துக் கால்சியம் தரும்.

பெயர்ந்த சோடியம் வெளியேறியாக வேண்டும். கடைமடையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது. வடிகால் தூர்ந்திருந்தால், கழுவிய உப்பு கோடையில் மண்ணின் நுண்துளை வழியே மீண்டும் மேலேறிவிடும். ஆகவே முதல் செலவை வடிகால் வெட்டுவதற்கே வையுங்கள்; தண்ணீர் வடிவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஜிப்சம் வாங்குங்கள்.