கண்ணைக் கட்டிவிட்டு ஏன் கட்டை பொருத்தச் சொல்கிறார்கள்? மூளைப் பாதிப்புச் சோதனைகள்: கேள்வி பதில்

கேள்வி: இந்தச் சோதனைகள் எப்போது தொடங்கின?

பதில்: 1861-இல் பாரிஸில் பால் புரோகா என்ற மருத்துவர், "டான்" என்ற அசையைத் தவிர அநேகமாக எதுவும் பேச முடியாத ஒருவரின் மூளையில் இடது முன்மடலில் (நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியில்) சிதைவு இருப்பதைக் காட்டினார். ஆனால் அது இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்தது. உயிரோடு இருப்பவரைச் சோதித்தே ஆகவேண்டிய நிலை முதல் உலகப்போரில் வந்தது. தலையில் காயம்பட்ட ஜெர்மன் சிப்பாய்களிடம் நரம்பியல் மருத்துவர் குர்ட் கோல்ட்ஸ்டைன் கலர் கலரான கம்பளி நூல்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். இவரால் இனி என்ன வேலை செய்ய முடியும் என்பதுதான் அவர் முன்னிருந்த கேள்வி.

கேள்வி: ஹால்ஸ்டெட்-ரெய்ட்டன் என்ற மூளைப் பாதிப்புச் சோதனைத் தொகுப்பில் கண்ணைக் கட்டுவது எதற்கு?

பதில்: உளவியலாளர் வார்டு ஹால்ஸ்டெட் 1935-இல் சிகாகோவில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் உருவானது இது. பலகையில் 10 வடிவப் பள்ளங்கள், அவற்றுக்கு 10 மரக்கட்டைகள். கண்ணைக் கட்டிய பிறகுதான் பலகையை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். முதலில் பழக்கமான கை, பிறகு மற்றக் கை, கடைசியில் இரண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிக்கப்படும். முடிந்ததும் பலகையை மறைத்துவிட்டுக் கண்கட்டை அவிழ்த்து, நினைவிலிருந்து வரையச் சொல்வார்கள்.

இரண்டாவது முறை பழகிவிடுவதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் குறைய வேண்டும். வலதுகைக்காரர் இடது கையில் அதைவிட அதிக நேரம் எடுத்தால், இடது கையை இயக்கும் வலது மூளையைச் சந்தேகிக்க வேண்டும். இப்படி ஒரே ஆளின் இரு பக்கங்களையும் ஒப்பிடும் முறையை 1951 முதல் இந்தியானாவில் ரால்ஃப் ரெய்ட்டன் வளர்த்தெடுத்தார். இந்தத் தொகுப்பின் பெரிய பலமே அதுதான். ஏனென்றால் அங்கே சோதிக்கப்படுபவருக்கு அளவுகோல் அவரேதான்.

கேள்வி: ரஷ்ய நரம்பியல் உளவியலாளர் லூரியா மதிப்பெண்ணை ஒதுக்கினாரா?

பதில்: எத்தனை தப்பு என்பதைவிட, எப்படித் தப்பு வந்தது என்பதையே அவர் பார்த்தார். இன்று நல்ல சோதனையாளர்கள் இரண்டையும் எழுதி வைப்பார்கள்.

கேள்வி: விஸ்கான்சின் சீட்டுச் சோதனையில் விதியையே சொல்வதில்லையாமே?

பதில்: ஆமாம், சொல்லக்கூடாது. ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரம், மூன்று மஞ்சள் சிலுவை, நான்கு நீல வட்டம் என நான்கு சீட்டுகள் முன்னால் இருக்கும். கையிலுள்ள சீட்டை எதனோடு சேர்த்தாலும் "சரி", "தப்பு" என்று மட்டுமே பதில். நிறத்தின்படி தொடர்ந்து 10 சரியானதும், சொல்லாமலே விதி வடிவத்துக்கு மாறும். நாம் நாலைந்து தப்புக்குள் சுதாரித்துக்கொள்வோம். முன்மடல் பாதிக்கப்பட்டவர் நிறத்தையே பிடித்துக்கொண்டிருப்பார். 1963-இல் மான்ட்ரியலில் பிரெண்டா மில்னர் இதை வெளியிட்டார். "தப்பு" என்று வாயால் சொல்லிக்கொண்டே அதே இடத்தில் சீட்டை வைப்பவர்களும் உண்டு. தெரிந்தும் கை மாறாது. வீட்டார் இதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டுவதுதான் வேதனை.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவிடம் எண்ணையும் ஆங்கில எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கச் சொன்னார்கள். அவர் ஐந்தாவதுதான் படித்தவர் மேடம். மதிப்பெண் ரொம்பக் குறைவு என்கிறார்கள்.

பதில்: அது 1944-இல் அமெரிக்க ராணுவத் தேர்விலிருந்து வந்த சோதனை. 1-ஏ-2-பி என்று 25 வட்டங்களை இணைக்க வேண்டும். தப்பு செய்தால் உடனே திருத்துவார்கள், ஆனால் ஸ்டாப்வாட்ச் நிற்காது. ஆங்கில எழுத்து வரிசை மனதில் ஓடாதவருக்கு அங்கேயே நேரம் போய்விடும். அதை மூளைப் பாதிப்பாகக் கணக்கிடுவது நியாயமே இல்லை. எழுத்துக்குப் பதில் இரண்டு நிற வட்டங்களில் எண்களை இணைக்கும் சோதனை உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் நிறுவனம்) சோதனைத் தொகுப்பில் அதுதான் இருக்கிறது. அதை வைத்துச் சோதிக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: ஸ்கேன் இருக்கும்போது இதெல்லாம் இன்னும் தேவையா?

பதில்: 1971-இல் லண்டனில் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கும் வரை, கட்டி எந்தப் பக்கம் என்று ஊகிக்கவும் இந்தச் சோதனைகள் உதவின. அந்த வேலை பெரும்பாலும் ஸ்கேனுக்குப் போய்விட்டது. ஆனால் ஒருவர் மாத்திரையை மறக்காமல் எடுப்பாரா, வண்டி ஓட்டலாமா, கடைக் கணக்கைப் பார்ப்பாரா என்பதைப் படம் சொல்லாது.

சோதனைக்குப் போகும்போது மூக்குக்கண்ணாடி, காது மிஷின் இரண்டையும் மறக்காதீர்கள். எந்தக் கை பழக்கம், எத்தனையாவது வரை படிப்பு, என்னென்ன மாத்திரை என்று எழுதிக்கொண்டு போங்கள். முந்தைய இரவு தூங்காதவருக்கும், மனச்சோர்வில் இருப்பவருக்கும் வேகம் குறையும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.