வீட்டுப்பள்ளியும் மூத்த மகளும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். எங்களுக்கு ஆறு பிள்ளைகள். மூத்தவளுக்கு 17 வயது, கடைக்குட்டிக்கு 5. இதுவரை யாரையும் பள்ளிக்கு அனுப்பியதில்லை. எல்லாருக்கும் வீட்டில் நான்தான் பாடம் நடத்தினேன். இப்போது உடம்பும் ஒத்துழைக்கவில்லை, மனதும் சோர்ந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி இருக்கிறது. செவ்வாய், வியாழன் மட்டும் வகுப்பு. மற்ற நாட்களில் அவர்கள் கொடுத்தனுப்பும் பாடத்தை நாம் வீட்டில் நடத்த வேண்டும். சின்னவர்கள் மூன்று பேரை அங்கே சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் ஹோம்ஸ்கூல் குழுவில் உள்ள சகோதரிகள், "இத்தனை வருஷம் கர்த்தர் நடத்தினாரே, இப்போது ஏன் பின்வாங்குகிறாய்?" என்று, கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும் உபாகமம் ஆறாம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். கணவருக்குக் கட்டணத்தைப் பற்றிக் கவலை. பிள்ளைகளின் தமிழும் இதோடு போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

மூத்தவள் இருப்பதால்தான் இவ்வளவு நாள் ஓடியது. சின்னவர்களுக்குக் கணக்கும் வாசிப்பும் அவள்தான். நாளைக்கு அவள் குடும்பம் நடத்த அது ஒரு பயிற்சிதானே என்று நினைத்துக்கொள்வேன். நான் தோற்றுவிட்டேனா அண்ணா?

– ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

சின்னவர்களைத் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஐந்து பிள்ளைகளை எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்து, ஆறாவது பிள்ளைக்கும் எழுத்து சொல்லித்தர ஆரம்பித்திருக்கும் ஒரு தாய், தன்னைத் தோற்றவள் என்று எழுதுவதைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. இனி அந்த வார்த்தை வேண்டாம்.

பின்வாங்குவது என்று சொல்கிறவர்களுக்கு உங்கள் மாநிலத்துக் கதையே தெரியவில்லை. டெக்சாஸில் வீட்டில் பாடம் நடத்திய பெற்றோரை 1980களில் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். பெற்றோர் கூட்டாக வழக்குப் போட்டார்கள். வீட்டுப்பள்ளியும் தனியார் பள்ளிதான் என்று 1994ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பாகப் பெயர் வருவது ஆர்லிங்டன் பள்ளி மாவட்டம், அதாவது அந்த ஊர் அரசுப் பள்ளிகளின் நிர்வாகம். நீங்கள் சொல்கிற பகுதிநேரப் பள்ளிமுறைக்கு அங்கே யுனிவர்சிட்டி மாடல் என்று பெயர். அதன் முதல் பள்ளி 1993ல் தொடங்கியதும் அதே ஆர்லிங்டனில்தான். பிள்ளையைப் படிக்க வைக்கும் பொறுப்பு பெற்றோருக்கு என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. இதில் எங்கே வந்தது பின்வாங்கல்?

உபாகமத்தைக் காட்டுகிறவர்கள் அந்த வசனத்தை முழுதாக வாசிக்கட்டும். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் என்றுதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. வேதாகமத்து அன்னாள் பால் மறந்த மகன் சாமுவேலைச் சீலோ ஆலயத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வருஷா வருஷம் சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள். அவளை யாரும் பின்வாங்கினவள் என்று சொல்லவில்லை.

தமிழ், வீட்டில் பேசினால் இருக்கும். கட்டணக் கணக்கை உங்கள் கணவர் போடட்டும். மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் குறைப்பார்களா என்று பள்ளியில் கேளுங்கள். இவற்றுக்கு நான் வேண்டியதில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி. மூத்தவளைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் அவள் செய்கிற வேலையைப் பற்றி. அவள் என்ன படிக்கிறாள், என்ன ஆக நினைக்கிறாள் என்று ஒரு சொல் இல்லை. 17 வயதுப் பெண்ணுக்குத் தம்பி தங்கைகளின் கணக்கும் வாசிப்பும் பயிற்சி என்றால், அவளுக்குக் கணக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?

பெரிய குடும்பத்துக்கு வீட்டில் பாடம் நடத்திய தாய் என்றதும் உங்கள் குழுவில் சூசன்னா வெஸ்லியின் பெயரைத்தான் சொல்வார்கள். இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய். 19 பிள்ளைகள் பெற்று, பத்துப் பேரை வளர்த்தெடுத்தவர். பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும் எழுத்துப் பாடம். ஒரே நாளில் எழுத்து முழுவதும் தெரிந்துவிட வேண்டும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனதாம், மந்தமோ என்று நினைத்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். எழுத்து தெரிந்ததும் நேராக ஆதியாகமம் முதல் அதிகாரம். பெண்பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்பதற்கு முன்னால் அவளைத் தையல் வேலையில் உட்கார வைக்கக் கூடாது என்றும் ஒரு விதி வைத்திருந்தார். எனக்குப் பிடித்த விதி.

அந்தச் சூசன்னாவும் எல்லாரையும் கடைசிவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளவில்லை. மகன்கள் மூன்று பேரும் லண்டன் பள்ளிகளுக்குப் போனார்கள். ஜான் 1714ல் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கு, சார்லஸ் 1716ல் வெஸ்ட்மின்ஸ்டருக்கு. இதை உங்கள் சகோதரிகளுக்குச் சொல்லுங்கள்.

நான் சொல்ல வருவது வேறு. 1709ல் அவர்கள் வீடு எரிந்தது. பிள்ளைகள் பல வீடுகளில் தங்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது கண்டதையும் பேசக் கற்றிருந்தார்கள், ஓய்வுநாள் ஒழுங்கு போயிருந்தது. மறுபடி எல்லாரையும் சீராக்கச் சூசன்னா சில ஏற்பாடுகள் செய்தார். அதில் ஒன்று, மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை, பேசத் தெரிந்த கடைசிப் பிள்ளையை உட்கார வைத்துச் சங்கீதமும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரமும் வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு அதற்கு அடுத்த சின்னது. அப்படியே வரிசையாக. உங்கள் வீட்டு ஏற்பாடுதான், 300 வருஷத்துக்கு முன்னால்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ராத்திரியில் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச நேரம் வைத்திருந்தார். 1712ல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பேட்டி (மகள் மார்த்தா), சனி சார்லஸ். ஜாக்கி என்பது ஜான் வெஸ்லி. பெரியவரான பின்னும் அந்த வியாழக்கிழமைகளை அவர் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எமிலியும் சூக்கியும் சேர்ந்து. அந்த வீட்டுப் பெண்களில் மூத்தவள் எமிலி. எட்டுப் பேர் பட்டியலில் தனி நாள் கிடைக்காத இரண்டு பேரில் ஒருத்தி. அவ்வளவு கவனமான தாய்க்கும் அப்படித்தான் அமைந்தது. பொறுப்பான பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

எமிலி பின்னால் ஆசிரியையாக வேலை பார்த்தார். கெயின்ஸ்பரோவில் சொந்தமாகப் பள்ளியும் நடத்தினார். தம்பிகளைப் போல ஆக்ஸ்போர்டுக்குப் போக அவருக்கு வழி இல்லை. அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்கு இடம் கிடையாது. சூசன்னாவை அதற்குக் குற்றம் சொல்ல மாட்டேன். உங்களைச் சொல்வேன். இன்றைக்கு டெக்சாஸில் உங்கள் மகளுக்கு எந்தக் கல்லூரியும் பெண் என்பதற்காகக் கதவைச் சாத்தாது. பெற்ற தாய் "நாளைக்குக் குடும்பம் நடத்த உதவும்" என்று சொல்லி அவளைத் தம்பியின் வகுத்தல் கணக்கோடு உட்கார வைத்தால் என்ன அர்த்தம்?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள். நாசரேத் பக்கம் ஒரு சின்ன ஊர். அம்மா மிஷன் பள்ளியில் டீச்சர், அப்பா சபை உபதேசியார். அக்காதான் எங்கள் எல்லாருக்கும் வாய்ப்பாடு, வாசிப்பு, வேதபாட வசனம். அடுப்பில் சோற்றைக் கிளறிக்கொண்டே பதின்மூன்றாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள். தப்பினால் திரும்பிக்கூடப் பார்க்காமல் "மறுபடியும்" என்பாள். அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. விண்ணப்பத் தாளும் வாங்கி வைத்திருந்தாள். அந்த வருஷம் கடைசித் தங்கை பிறந்தாள், அம்மாவால் வேலையை விட முடியவில்லை. பிள்ளையைப் பார்க்க அக்கா வீட்டிலேயே நின்றுகொண்டாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை.

நாங்கள் ஆறு பேரும் பட்டம் வாங்கினோம். ஒவ்வொரு தடவையும் அப்பா சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார். அக்கா பெயரில் ஒரு காணிக்கை வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பேத்தியின் நர்சிங் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் எனக்குப் புரியுதுடா" என்றாள். அடுத்த வாரம் உங்கள் கடிதம் வந்தது.

பள்ளிக்கு வருவோம். இரண்டு நாள் பள்ளியால் உங்கள் பாரம் தானாகக் குறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். இதுவரை பாடத்தின் வேகம் உங்கள் கையில் இருந்தது. உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடலாம். இனி மூன்று வகுப்புகளின் பாடத்திட்டம் பள்ளியிலிருந்து வரும், திங்கள், புதன், வெள்ளியில் அதை நீங்கள் முடித்தாக வேண்டும். வியாழக்கிழமை ஆசிரியர் வீட்டுப்பாடத்தைக் கேட்பார். புதன்கிழமை ராத்திரி அது முடியாமல் கிடந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அவளைக் கூப்பிடக் கூடாது. சேர்க்கும் முன்பே கணவரோடு பேசி இதை முடிவு செய்யுங்கள். மூன்று பேருக்கு முடியாது என்றால் இந்த வருஷம் இரண்டு பேரை மட்டும் சேர்த்துவிடுங்கள். அவர் மாலையில் ஒரு பிள்ளையின் கணக்கை எடுத்துக்கொள்ளட்டும். கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் இதைச் செய்யலாம்.

அப்புறம் மூத்தவளின் படிப்பு. டெக்சாஸ் சட்டம் வீட்டுப்பள்ளியிடம் கேட்பது வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு, இந்த ஐந்துதான். அரசுத் தேர்வு கிடையாது, வந்து பார்க்கிறவர்களும் கிடையாது. அவளுடைய மதிப்பெண் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான். அந்தத் தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வேதியியல் ஆய்வகம் செய்தாளா, இரண்டாம் மொழி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் படிக்க அவளுக்கு எந்த நேரம் கிடைத்தது. பக்கத்தில் கம்யூனிட்டி காலேஜ் என்கிற உள்ளூர் அரசுக் கல்லூரி இருக்கும். பள்ளிப் படிப்போடு கல்லூரிப் பாடமும் சேர்த்து எடுக்க அங்கே வழி உண்டு. சின்னவர்கள் பள்ளிக்குப் போகிற செவ்வாய், வியாழனில் அவளை அங்கே கொண்டுபோய் விடுங்கள். அந்த இரண்டு நாள் வீட்டைச் சுத்தம் செய்ய அவளை நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

அவள் தம்பி தங்கைகளைப் பிரியமாகத்தான் பார்த்துக்கொள்வாள், சந்தேகமில்லை. அக்காவும் பிரியமாகத்தான் செய்தாள்.

ஒரு நாள் ராத்திரி மற்றவர்கள் தூங்கிய பிறகு அவளோடு மட்டும் உட்காருங்கள். உனக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேளுங்கள். "எதுவானாலும் சரி அம்மா" என்பாள், அப்படிச் சொல்லியே பழகியிருப்பாள். எழுந்துவிடாமல் மறுபடியும் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். அவளே எழுதினால் இன்னும் சந்தோஷம், ஆங்கிலத்தில் எழுதினாலும் படிப்பேன்.

அன்புடன்,
அண்ணன்